விருப்பத்தை அளப்பதற்கு முன்

குத்தாலத்தில் ரயிலேறி, நரசிங்கம்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று மேற்கே சென்று கும்பகோணத்து அரசினர் கலாசாலையில் பயிலும் மாணாக்கரும், கிழக்கே மயிலாடுதுறையைக் கடந்து மன்னம்பந்தலிலுள்ள ஏ.வி.சி. கல்லூரியில் பயிலும் மாணாக்கரும், எந்தப் பாடத்தை எடுத்தவராயினும், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு கவலையில் ஒன்றுபட்டுவிடுகிறார்கள். பட்டம் பெற்ற பிறகு எந்தத் தொழிலுக்குத் தாம் தகுதியுடையவர், எந்தத் தொழிலில் தம் மனம் நிலைக்கும் என்பதை அவர்களுள் பெரும்பாலோருக்கு எவரும் சொன்னதில்லை. கேட்டறியும் வழியையும் காட்டியதில்லை. 1854-ல் தோன்றிய கும்பகோணம் கலாசாலையும், 1955-ல் தோன்றிய ஏ.வி.சி. கல்லூரியும் இந்த நெல் நாட்டுக்குச் செய்துள்ள வித்தியாதானம் மிகப் பெரிது. ஆயினும் கற்ற கல்வியைத் தொழிலோடு பொருத்திக் காட்டுவதை நம் நாட்டுக் கலாசாலைகள் நெடுங்காலம் தமது கடமையாகக் கருதவில்லை. இப்போது அக்கடமை, மாணாக்கனின் விருப்பத்தையும் சுபாவத்தையும் அளந்து சொல்வதாகக் கூறும் வினாத்தாள்களின் வசம் ஒப்புவிக்கப்பட்டு வருகிறது. கைபேசியிலேயே அரைமணி நேரத்தில் எழுதி முடிக்கக்கூடிய இப்பரிசோதனைகள் எதை அறியவல்லன, எதை அறியமாட்டா என்பதைக் காவிரிக் கரையின் நிலைமைகளை முன்னிறுத்தி ஆராய வேண்டியது அவசியமாகிறது.

இவற்றின் சரித்திரம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்காகத் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார்; அவ்வாண்டிலேயே அவர் காலமாக, அவருடைய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் தெளிந்த அறிவினால் பொருத்திப் பார்த்தல் என்று அவர் மூன்று படிகளை வகுத்தார். பின்வந்த அறிஞர்கள் முதற்படியை எவ்வளவு நுட்பமாக்கினார்களோ அவ்வளவுக்கு இரண்டாம் படியைப் பேணவில்லை என்பது என் அபிப்பிராயம். இக்கட்டுரையில் நான் எடுத்துரைக்கப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு புறக்கணிப்பிலிருந்தே பிறக்கின்றன.

முதற்படியை விஞ்ஞானமாக்கியவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்டு ஸ்ட்ராங். 1927-ல் அவர் வெளியிட்ட வினாத்தாளில் தொழில்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள், மனிதர்களின் வகைகள் முதலியன நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் குறித்து விருப்பம், வெறுப்பு, இரண்டுமில்லை என்று மாணாக்கன் குறித்தால் போதும். பொறியியலை ஒருவன் விரும்புகிறானா என்று நேரே கேட்டு அதன்மேல் தீர்ப்புக் கூறும் முறையை ஸ்ட்ராங் கைக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் பொறியாளராக இருந்து அத்தொழிலில் நிலைபெற்றவர்கள் இதே வினாக்களுக்கு எவ்வாறு விடையளித்தார்கள், பொதுஜனங்கள் எவ்வாறு விடையளித்தார்கள் என்பதை ஒப்பிட்டு, இரு சாராருக்கும் எங்கெங்கே வித்தியாசம் காணப்பட்டதோ அந்த இடங்களை மட்டும் கணக்கில் கொண்டார். ஆகவே மாணாக்கனுடைய மதிப்பெண் கூறுவதெல்லாம் இவ்வளவே: இத்தொழிலில் நிலைத்தவர்களின் விருப்பு வெறுப்புகளோடு உன் விருப்பு வெறுப்புகள் இந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன. திறமையைப் பற்றியோ, அத்தொழில் உனக்குக் கிடைக்குமா என்பதைப் பற்றியோ அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஸ்ட்ராங் தம் பரிசோதனையை எழுதிய மாணாக்கர்களைக் கல்லூரியை விட்டுப் 18 ஆண்டுகள் சென்ற பின்னரும் தேடிச்சென்று, அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆராய்ந்து 1955-ல் நூலாக வெளியிட்டார். தம் கருவியைத் தாமே இத்தனை பொறுமையோடு சோதித்த அந்த நேர்மைக்கு நான் மிகுந்த மதிப்பு அளிக்கிறேன்.

1959-ல் ஜான் ஹாலண்டு இத்துறையை ஒரு கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். கைவினையும் இயந்திரமும் நாடும் சுபாவம், ஆராயும் சுபாவம், கலையை நாடும் சுபாவம், மனிதருக்கு உதவியும் கற்பித்தும் மகிழும் சுபாவம், முன்நின்று நடத்தி இணங்கச் செய்யும் சுபாவம், ஒழுங்காகக் கணக்கும் பதிவேடும் பேணும் சுபாவம் என்று மனிதரை ஆறாக வகுத்து, தொழில்களையும் அதே ஆறாக வகுத்து, இரண்டும் இசைந்த இடத்தில் திருப்தி விளையும் என்று அவர் கூறினார். இன்று இணையத்தில் உலவும் பெரும்பாலான தொழில் வினாத்தாள்கள் இந்த ஆறு வகுப்பின் வழித்தோன்றல்களே. இக்கோட்பாட்டை அனுபவம் எந்த அளவுக்கு மெய்ப்பித்தது? பற்பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, விருப்பமும் தொழிலும் இசைந்திருப்பதற்கும் தொழிலில் காணும் திருப்திக்கும் இடையேயுள்ள தொடர்பு சராசரியாக 0.19 மட்டுமே. பூரணமான தொடர்பு 1 என்றால் இது எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும். மனிதருக்கு மனிதர் திருப்தியில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட இது விளக்குவதில்லை. ஊதியம், மேலதிகாரியின் நடத்தை, சக ஊழியர், வீட்டிலிருந்து உள்ள தூரம் முதலியவற்றுக்கு மற்றப் பங்கில் எவ்வளவு இடமுண்டு என்பதைச் சம்பளத்துக்கு வேலை செய்த எவரும் அறிவர். ஆயினும் விருப்பத்தின் இசைவைப் பூஜ்யம் என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. விருப்பத்தோடு இசைந்த துறையில் மாணாக்கர் நிலைத்து நிற்பதற்கும் ஊக்கத்தோடு உழைப்பதற்கும் ஆதாரம் இதைவிடச் சற்று வலிமையாகவே இருக்கிறது. பதினெட்டு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடையில்தான் மனிதனுடைய விருப்பங்கள் விரைந்து உறுதிப்பட்டு, அதன் பின்னர் சுமார் இருபது ஆண்டுகளுக்கு அதிக மாறுதலின்றி நிற்கின்றன என்று 2005-ல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. கல்லூரிப் பருவம் இப்பரிசோதனைக்கு உகந்த பருவம் என்பதற்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டியதில்லை.

சுபாவப் பரிசோதனைகளின் நிலைமை வேறு. உழைப்பில் ஒழுங்கும் பொறுப்பும் உடைய சுபாவம் ஏறக்குறைய எல்லாத் தொழில்களிலும் நற்பயன் தருகிறது என்பது 1991 முதல் நன்கு நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆனால் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு குணம், எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடையாக முடியாது. மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் முறை உலகெங்கும் பிரசித்தமாயிருப்பினும், சில வாரங்கள் கழித்து அதே தாளை மறுபடி எழுதும்போது கணிசமானவர்கள் வேறொரு வகையில் போய் விழுகிறார்கள் என்பதால் அதைக் கொண்டு ஓர் இளைஞனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது தகாது. அப்படியிருந்தும் அறிக்கையைப் படிக்கும் மாணாக்கன், இது என்னையே எழுதியிருக்கிறது என்று வியக்கிறான். அவ்வியப்பின் காரணத்தை 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற ஆசிரியர் வெளிப்படுத்தினார். தம் மாணாக்கர் 39 பேருக்கு ஒரு பரிசோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதுபோல் ஒரே குறிப்பை வழங்கினார்; அக்குறிப்பின் வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரு மலிவான ஜோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது அவர்கள் அளித்த சராசரி 4.26. குத்தாலத்திலிருந்து அதிக தூரமில்லாத வைத்தீசுவரன்கோயிலில் ஏட்டில் தம் எதிர்காலத்தைக் கேட்டறிய வருகிறவர்களை நாம் அறிவோம். மனம் கலங்கிய வேளையில் தன்னைப் பற்றி ஒரு நிச்சயமான சொல்லைக் கேட்க மனிதன் ஏங்குவது இயற்கை. அந்த ஏக்கத்தின் மேல் ஏறி நிற்கும் எந்த அறிக்கையும், அது ஓலையில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும், வாசிப்பவனுக்கு மெய்யாகவே தோன்றும். ஆகையால் மாணாக்கனின் திருப்தியைப் பரிசோதனையின் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

நம் தேசத்துக்கு இவ்விஷயம் புதியதன்று. 1916-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பரிசோதனை மனோதத்துவத்துக்குத் தனித்துறை ஏற்பட்டது. 1943-ல் சென்னைச் சர்வகலாசாலையிலும் மனோதத்துவத் துறை தோன்றியது. சுதந்திரத்துக்குப் பின், சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன், மறு ஆண்டு அளித்த அறிக்கையில், பலதரப்பட்ட பாடப்பிரிவுகளை ஏற்படுத்தினால் மட்டும் போதாது, மாணாக்கர் தத்தமக்கு உகந்த பிரிவைத் தெரிந்துகொள்ள வழிகாட்டும் அதிகாரிகளும் வேண்டும் என்று வற்புறுத்தியது. 1954-ல் மத்திய அரசாங்கம் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கு ஒரு நிலையத்தை டில்லியில் நிறுவியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கமிஷனோ, வழிகாட்டல் ஆரம்பப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்றது. இவ்வளவு உயர்ந்த யோசனைகள் கிராமத்துப் பள்ளியை எட்டாமற்போனதற்குக் காரணம் ஒன்று: வினாத்தாளை அச்சிடுவது சுலபம், அதை வாசித்து மாணாக்கனோடும் அவன் பெற்றோரோடும் அமர்ந்து பேசத் தேர்ந்த ஒருவரை ஒவ்வோர் ஊரிலும் நியமிப்பது செலவும் சிரமமும் உடையது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், பள்ளியில் வழிகாட்டலையும் கல்லூரியில் திறன் பயிற்சியையும் இணைத்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞரை எட்டும் நோக்கத்தோடு அமைந்திருப்பது பாராட்டுக்குரியது. அதன் வெற்றியும் அந்தத் தேர்ந்த மனிதரைப் பொறுத்தே அமையும் என்று நான் கருதுகிறேன்.

ஹாலண்டின் கோட்பாடு இந்திய மண்ணில் செல்லுமா என்று கேட்டவர்களும் உண்டு. ஃபிரெடெரிக் லியோங், ஜேம்ஸ் ஆஸ்டின், உமா சேகரன், மீரா கோமர்ராஜு ஆகியோர் இந்தியாவில் வேலை செய்வோரிடையே நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விருப்பத்துக்கும் தொழிலுக்கும் உள்ள இசைவு திருப்தியை முன்னறிவிக்கவில்லை என்று கண்டார்கள். விருப்பத்தைவிடக் குடும்பத்தின் தேவையும் கிடைத்த வாய்ப்பும் தொழிலைத் தீர்மானிக்கும் சமூகத்தில் இது ஆச்சரியமன்று. பெங்களூரில் நெடுங்காலமாகத் தொழில் வழிகாட்டலில் ஈடுபட்டுள்ள கிடியன் அருள்மணி இன்னும் ஆழமான ஓர் இடத்தைத் தொட்டார். இந்தியப் பள்ளி மாணாக்கரை ஆராய்ந்து 2003-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, தொழிலைப் பற்றிய நம்பிக்கைகளே தேர்வை முன்கூட்டி முடித்துவிடுகின்றன என்பதையும், வறுமைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்நம்பிக்கைகள் அதிகம் சோர்வுற்றிருக்கின்றன என்பதையும் காட்டிற்று. நீண்ட பயிற்சிக்குக் காத்திருக்க நமக்கு வகையில்லை, நம் போன்றோர் இதற்கெல்லாம் போவதில்லை, முயன்றாலும் முடிவு நம் கையில் இல்லை என்ற எண்ணங்கள் உள்ளத்தில் குடியேறியிருக்கும் போது, வினாத்தாளில் விழும் ஒவ்வொரு குறியும் அவ்வெண்ணங்களின் வழியாகவே விழுகிறது.

நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இங்கேதான் இருக்கிறது. கண்டிராததை ஒருவன் விரும்பவும் முடியாது, வெறுக்கவும் முடியாது. குத்தாலம் வட்டத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் மகன், தன் வாழ்நாளில் வேலை செய்யும் நிலையில் கண்ட படித்த மனிதர்கள் யார்? ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரும் செவிலியரும், வங்கி ஊழியர், காவலர், நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுபவர், இவர்களே. மேற்கு நாட்டு மாதிரியில் அமைந்த தாளில் வரும் எத்தனையோ தொழில்களுக்கு முன்னால் அவன், தெரியாது என்று எழுத இடமில்லாமையால், விருப்பமில்லை என்றோ, பரீட்சைத் தாளைக் காலியாக விடலாகாது என்ற பழக்கத்தால் எல்லாவற்றுக்கும் விருப்பம் என்றோ குறித்துவிடுகிறான். ஃபிரெடெரிக் கூடர் அமைத்த முறையில் மும்மூன்று செயல்களைத் தந்து, மிக விரும்புவது எது, மிகக் குறைவாக விரும்புவது எது என்று கேட்டதனால் இந்தப் பொதுச் சம்மதத்துக்கு ஓரளவு தடை ஏற்பட்டது. ஆனால் மூன்றையும் அறியாதவனுக்கு அதுவும் உதவாது. நாற்று விடாத வயலில் விளைச்சலை அளக்கப் புகுவதைப் போன்றது இது. தாள் காட்டும் வெறுமை மாணாக்கனுடைய மனத்தின் வெறுமையாகக் கருதப்பட்டு, அவனுக்கு எதிலும் நாட்டமில்லை என்று அறிக்கை எழுதப்படுமானால், அது அவனுக்கு இழைக்கும் அநீதி.

இந்த வட்டாரத்துச் சரித்திரமே இதற்குச் சாட்சி. உத்தமதானபுரத்துச் சங்கீத வித்துவானின் மகனாகப் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம்மைப் போலச் சங்கீதத்தில் தேர வேண்டும் என்பது தந்தையின் ஆவல்; 1871-ல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைக் கண்டடைந்த காலத்தில், அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசையும் பயின்றார். ஆனால் நாளடைவில் தமிழொன்றே அவர் வாழ்க்கையாயிற்று. அவருக்குத் தமிழில் நாட்டம் முன்பே இருந்தது மெய். எனினும் அந்நாட்டம் தொழிலாக வளர்ந்தது, இன்றைய குத்தாலம் வட்டத்திலுள்ள திருவாவடுதுறை ஆதீனத்தில் ஆசிரியரின் அருகிருந்து பாடங் கேட்ட ஆண்டுகளாலும், ஆதீனத்தின் ஆதரவாலும், 1880-ல் தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கலாசாலைப் பதவிக்கு அவரைப் பரிந்துரைத்ததாலுமே. அதே கலாசாலையில் 1904-ல் சேர்ந்த இராமானுஜனுடைய விருப்பத்தை அறிய எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை. கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் உபகாரச் சம்பளத்தை இழந்து வெளியேறினார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவானவருக்கு, 1913-ல் சர்வகலாசாலை அளித்த மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவியே வழி திறந்தது. ஒருவருக்கு விருப்பத்தை வளர்க்கும் சூழ்நிலை கிடைத்தது. மற்றவருக்கு விருப்பம் தீயாக எரிந்தும், தாங்கும் வழி கிடைக்கும் வரை அது குடும்பத்துக்குக் கவலையாகவே இருந்தது. விருப்பத்தை அளக்கும் கருவி இவ்விரண்டில் எதையும் தருவதற்கில்லை.

ஆகையால் முதற்காரியம் காணச் செய்வது. இதற்காகத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1922-ல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் குத்தாலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் பெயர் தாங்கிய ஏ.டி.டி. 43 போன்ற நெல்லைக் குறுவையில் விதைக்கும் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர், அந்த விதையை உருவாக்குவதும், அதன் முளைப்புத் திறனைச் சோதிப்பதும், பூச்சியைக் கண்டறிவதும் படித்தவர் செய்யும் தொழில்கள் என்று நேரில் கண்டிருப்பார்கள்? 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படுகிறது. அத்தொழிலில் கைத்திறனும் சுருதி ஞானமும் மட்டுமின்றி, மரத்தின் விஞ்ஞானமும் ஒலியின் விஞ்ஞானமும் அடங்கியிருப்பதைப் பௌதிகம் படிக்கும் மாணாக்கன் அங்கே ஒரு நாள் நின்றால் உணர்வான். திருபுவனத்துப் பட்டு, சுவாமிமலை வார்ப்பு, நாகப்பட்டினத்து மீன்வளச் சர்வகலாசாலை, அரிசி ஆலை, கூட்டுறவு வங்கி, நீதிமன்றம், பத்திரிகை அலுவலகம் என்று முதலாண்டிலேயே மாணாக்கரை அழைத்துச் சென்று, அங்கே வேலை செய்வோரோடு பேச வைத்து, அதன் பின்னர் இரண்டாம் ஆண்டில் வினாத்தாளைக் கையில் கொடுத்தால், அதே தாள் முற்றிலும் வேறான விடைகளைப் பெறும். வினாக்களிலும் இங்குள்ள தொழில்கள், இங்கே செய்யும் வேலைகள், மக்கள் பேசும் தமிழிலேயே இடம்பெற வேண்டும்.

பெண்களின் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஸ்ட்ராங்கின் தாளே ஆடவருக்கொன்றும் 1933 முதல் பெண்டிருக்கொன்றுமாக இருந்து, 1974-ல்தான் ஒன்றாயிற்று; அதுவரை பெண்ணின் தாளில் காட்டப்பட்ட தொழில்கள் குறுகியவை. தாள் ஒன்றானாலும் விடைகளில் வித்தியாசம் மறையவில்லை. மாயூரத்துக்கு அப்பால் தனியே பயணம் செய்ய அனுமதிக்கப்படாத ஒரு பெண் இயந்திரத் தொழிலை விரும்பவில்லை என்று எழுதினால், அது அவளுடைய சுபாவத்தைக் காட்டுகிறதா, அவளைச் சூழ்ந்த வேலியைக் காட்டுகிறதா என்பதைத் தாள் பிரித்தறியாது. அருகில் அமர்ந்து கேட்பவரே அறிய முடியும்.

இன்னொரு நிலைமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் பதினோராம் வகுப்பில் எடுத்த பிரிவும், மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணும், கலந்தாய்வில் எஞ்சியிருந்த இடமும் சேர்ந்து, கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே பாதித் தீர்மானத்தைச் செய்துவிடுகின்றன. விலங்கியல் படிக்கும் மாணவியிடம், நீ கலையை நாடும் சுபாவமுடையவள் என்று அறிக்கை நீட்டினால் அவள் என்ன செய்வாள்? ஆனால் விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டே ஆசிரியப் பயிற்சிக்கோ, மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கோ, மீன்வளத்துக்கோ, விஞ்ஞானச் செய்திகளைப் படமாகவும் எழுத்தாகவும் தருவதற்கோ, அரசுப் பணித் தேர்வுக்கோ செல்லலாம் என்று அவளுக்குக் காட்டி, அவற்றுள் எதில் அவள் மனம் ஒன்றும் என்று ஆராய்வதற்கு அதே அறிக்கை பயன்படும். பட்டத்துக்குள்ளேயே கிளைக்கும் இந்தச் சிறு தேர்வுகளில்தான் விருப்பப் பரிசோதனை கல்லூரி மாணாக்கருக்கு மெய்யான பிரயோஜனம் உடையது. அரசுப் பணித் தேர்வுக்கே பல ஆண்டுகளைச் செலவிடும் இளைஞர்களை நான் குறை கூறமாட்டேன். நிலையான சம்பளத்தை நாடுவதும் குடும்பப் பொறுப்பிலிருந்து பிறக்கும் ஒரு விருப்பமே. அதோடு வேறொரு வழியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உதவ வேண்டும்.

ஸ்ட்ராங் தம் மாணாக்கரைப் 18 ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்ற காரியத்தை நம் கலாசாலைகளும் செய்யலாம். 1929-ல் தோன்றிய அண்ணாமலைச் சர்வகலாசாலையின் மனோதத்துவத் துறை முன்னின்று, கும்பகோணம், மன்னம்பந்தல், மயிலாடுதுறைக் கல்லூரிகளில் பயின்று இப்போது நாற்பது வயதை எட்டியவர்கள் எந்தத் தொழிலில் இருக்கிறார்கள், எதை விரும்புகிறார்கள், எந்த வயதில் யார் சொல்லி அத்தொழிலை முதன்முதலாக அறிந்தார்கள் என்று கேட்டுத் தொகுக்குமானால், இந்நாட்டு ஆசிரியர், இந்நாட்டு வங்கி ஊழியர், இந்நாட்டு விதை நிபுணர் ஆகியோரின் விருப்பு வெறுப்புகளைக் கொண்டே தமிழில் ஓர் அளவுகோல் அமைக்கலாம். சேர்க்கைப் பதிவேடுகள் கல்லூரிகளில் இருக்கின்றன. பழைய மாணாக்கர் சங்கங்களும் இருக்கின்றன. துறைக்கு இரண்டு ஆராய்ச்சி மாணாக்கரை ஐந்தாண்டுகளுக்கு நியமித்தால் தொடங்கக்கூடிய வேலை இது.